ஃபைன் கிரெய்ன் டெவலப்பரில் எவ்வளவு தண்ணீர் கலக்கலாம்? மலையில் வீட்டிலேயே பிலிம் கழுவுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் பல வருடங்களாகக் கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவுகிறேன். கோத்தகிரியிலும் ஊட்டியிலும் புதிதாகப் பழைய கேமரா வாங்கி ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது டெவலப்பரில், அதாவது பிலிமில் பதிந்த படத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் கரைசலில், தண்ணீர் கலக்கும் விஷயத்தைத்தான். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். பெரும்பாலும் டி-76, ஐடி-11 இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு, ஒன்று கோடாக் கம்பெனியுடையது, மற்றது இல்ஃபோர்ட் கம்பெனியுடையது.

1+1, 1+3 என்றால் சரியாக என்ன?

முதல் எண் ஸ்டாக், அதாவது பாக்கெட் பவுடரைக் கரைத்து பாட்டிலில் வைத்திருக்கும் கரைசல். இரண்டாவது எண் தண்ணீர். 1+1 என்றால் 150 மில்லி ஸ்டாக், 150 மில்லி தண்ணீர். 1+3 என்றால் 150 ஸ்டாக்குக்கு 450 தண்ணீர், மொத்தம் 600. சிலர் 1:3 என்று எழுதிவிட்டு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாக் என்று புரிந்துகொள்கிறார்கள், அது தப்பு. கூட்டல் குறி போட்டே எழுதிப் பழகுங்கள், குழப்பமே வராது.

தண்ணீர் கலந்தால் கிரெய்ன் இன்னும் நைசாகுமா?

கிரெய்ன் என்றால் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் துகள். தண்ணீர் கலந்தால் அது நைசாகாது, நேர் எதிர். இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி-76-இன் சூத்திரம் யாரும் மறைத்து வைத்த ரகசியம் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 1920-களில் சினிமா பிலிமுக்காகக் கோடாக்கில் உருவாக்கியது. அந்த எண்களைப் பாருங்கள், பிலிமைக் கறுப்பாக்கும் வேலையைச் செய்கிற மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்தே 7 கிராம்தான், சல்ஃபைட் மட்டும் 100 கிராம். டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடாமல் பாதுகாக்க அவ்வளவு சல்ஃபைட் தேவையில்லை. அது அங்கே இன்னொரு வேலைக்காக இருக்கிறது. பிலிமில் உள்ள வெள்ளி உப்பின் துகள்களை மெல்ல மெல்லக் கரைக்கிறது, ஓரங்களை அரித்து மழுங்கடிக்கிறது. அதனால்தான் கிரெய்ன் கண்ணில் உறுத்தாமல் மாவு மாதிரி வருகிறது.

தண்ணீர் கலந்தால் அந்த 100 கிராம் 1+1-இல் 50 ஆகிறது, 1+3-இல் 25 ஆகிறது. கரைக்கும் சக்தி குறைந்துவிடும். துகள்களின் ஓரம் அரிக்கப்படாமல் அப்படியே நிற்கும். கிரெய்ன் மாவிலிருந்து ரவைப் பக்கம் நகரும், ஆனால் அதே காரணத்தால் படத்தின் கோடுகளும் ஓரங்களும் கூர்மையாகத் தெரியும். ஆக, ஃபைன் கிரெய்ன் வேண்டும் என்று இந்த டெவலப்பரை வாங்கிவிட்டு 1+3-இல் கழுவினால், எதற்காக வாங்கினீர்களோ அதில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறீர்கள். அது தவறில்லை, தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெர்செப்டால் மாதிரி இன்னும் நைசான டெவலப்பர்களில் இந்த வித்தியாசம் அதிகமாகத் தெரியும். அதை ஸ்டாக்காகப் பயன்படுத்தும்போது பிலிமின் வேகமும் குறையும், ஹெச்பி5 பிளஸ் என்ற பிலிமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் 400 வேகத்துக்குப் பதில் 250-இல் எடுக்கச் சொல்வது அதனால்தான். தண்ணீர் கலந்தால் அந்த வேகத்தில் கொஞ்சம் திரும்ப வரும்.

அப்படியென்றால் எதற்குத்தான் கலக்க வேண்டும்?

கூர்மைக்காக, ஹைலைட்டை, அதாவது படத்தில் அதிக வெளிச்சமான இடங்களைக் காப்பாற்ற, அப்புறம் ஒவ்வொரு முறையும் புது டெவலப்பர் கிடைப்பதற்காக. காசு மிச்சம் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையென்றாலும் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் ஸ்டாக்கையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஐடி-11 ஒரு லிட்டர் ஸ்டாக்கில் 10 ரோல் வரை கழுவலாம், ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தை 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது சரிப்படாது. நாலாவது ரோலா ஐந்தாவது ரோலா என்று தெரியாமல் நிற்பதைவிட, 1+1 கலந்து ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது நிம்மதி.

எந்தப் படத்துக்கு எந்த விகிதம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் மலையில் ஒரே நாளில் இரண்டு வேறு உலகம் கிடைக்கிறது.

காலை ஏழு மணிக்கு டீ எஸ்டேட்டில் மூடுபனி. மரம் சாம்பல், பாதை சாம்பல், டீச்செடியும் சாம்பல். கான்ட்ராஸ்ட்டே இல்லாத காட்சி. இதை 1+3-இல் கழுவினால் கூழ் மாதிரிதான் வரும், ஏற்கெனவே தட்டையானதை இன்னும் தட்டையாக்குவீர்கள். நான் இதற்கு ஸ்டாக்தான் பயன்படுத்துகிறேன், சில சமயம் நேரத்தை 10, 15 சதவீதம் கூட்டுவேன். மூடுபனியில் பெரிய வெற்றுப் பரப்பு இருக்கும், கிரெய்ன் தெரிந்தால் அங்கேதான் முதலில் தெரியும், அதற்கும் ஸ்டாக்கே நல்லது.

அதே நாள் பதினொரு மணிக்குச் சோலைக்குள் போகிறீர்கள். உள்ளே கும்மிருட்டு, இலைகளுக்கு நடுவே வெயில் கத்தி மாதிரி இறங்குகிறது. இங்கே 1+3 அருமையாக வேலை செய்யும். காரணம் இதுதான்: அதிக வெளிச்சம் விழுந்த இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, நீர்த்த கரைசலில் அது இன்னும் சீக்கிரம். அடுத்த முறை பிலிம் கழுவும் டேங்கை ஆட்டும்வரை அந்த இடம் மேலும் கறுக்காமல் நிற்கும். நிழல் பகுதியில் டெவலப்பர் செலவே ஆகாததால் அங்கே வேலை நடந்துகொண்டே இருக்கும். வெயில் பட்ட இலையிலும் நரம்பு தெரியும், மரத்தடிப் பாசியும் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறி வரும் மலை ரயிலின் நீராவி எஞ்சினும் அப்படித்தான். கரி பூசின மாதிரி எஞ்சின், பக்கத்திலேயே வெயில் பட்டு வெளுத்த ஆவி. என் நெகட்டிவ் ஒன்றை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். ஸ்டாக்கில் கழுவின ரோலில் ஆவி ஒரே தாராகக் கட்டியாக இருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் எடுத்து 1+3-இல் கழுவினதில் ஆவி சுருள் சுருளாகப் பிரிந்து நிற்கிறது, பக்கத்து இரும்பில் ரிவெட் தலைகளை எண்ணலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது சந்தை, வீடு, ஆட்கள், சாதாரண வெயில், 1+1 போதும். ஆரம்பிக்கிறவர்கள் பத்து ரோல் வரைக்கும் 1+1-ஐ விட்டு நகராதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நேரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

20 டிகிரியில், தயாரிப்பாளர்கள் சொல்லும் நேரம்: ஹெச்பி5 பிளஸ் 400-இல் எடுத்து ஐடி-11-இல் கழுவினால் ஸ்டாக்குக்கு ஏழரை நிமிடம், 1+1-க்கு 13, 1+3-க்கு 20. எஃப்பி4 பிளஸ் 125-இல் எடுத்தால் எட்டரை, 11, 20. ட்ரை-எக்ஸ் 400, டி-76-இல்: ஸ்டாக் 6¾, 1+1 என்றால் 9¾.

தண்ணீர் இரண்டு மடங்கு என்றால் நேரமும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள், மேலே உள்ள எண்களிலேயே அது பொருந்தவில்லை. ஒவ்வொரு பிலிமுக்கும் தனி அட்டவணை உண்டு, அதைப் பாருங்கள். அது தொடக்கப்புள்ளி மட்டும்தான், உங்கள் தெர்மாமீட்டருக்கும் உங்கள் கைக்கும் ஏற்ப அரை நிமிடம், ஒரு நிமிடம் நகர்த்திக்கொள்ள வேண்டி வரும்.

சின்ன டேங்கில் 1+3 செய்யலாமா?

வேண்டாம். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மிமீ ரோலுக்கு 290 மில்லி என்று அடியில் எழுதியிருக்கும். அதில் 1+3 கலந்தால் ஸ்டாக் 72 மில்லிதான் இருக்கும். 36 பட ரோலுக்கு அது பற்றாது, பாதியிலேயே மூச்சுத் திணறும். மெலிந்த, உயிரில்லாத நெகட்டிவ் வரும், நீங்கள் விகிதத்தின் மேல் பழி போடுவீர்கள். எக்ஸ்டால் என்ற இன்னொரு டெவலப்பருக்கு ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மில்லி ஸ்டாக் என்று கோடாக் சொல்லியிருக்கிறது. டி-76, ஐடி-11 இரண்டுக்கும் நான் 150-க்குக் கீழே போவதில்லை. பிலிமைச் சுற்றும் ரீல் இரண்டு பிடிக்கும் டேங்கை எடுத்து, கீழ் ரீலில் பிலிமும் மேலே காலி ரீலும் வைத்து 600 மில்லி ஊற்றுங்கள், 1+3-க்கு அதுதான் வழி. அந்த 600-இல் இரண்டு ரோல் போட்டால் பழைய கதைதான்.

டி-76-ஐ 1+1-இல் சின்ன டேங்கில் கழுவும்போது நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டச் சொல்லுவார்கள். முழு ரோல் என்றால் நானும் கூட்டுகிறேன்.

எங்கள் வீட்டுக் குழாயில் ஜனவரியில் தண்ணீர் 11, 12 டிகிரி. என்ன செய்வது?

சமவெளியில் இருப்பவர்கள் ஐஸ்கட்டி தேடுகிறார்கள், நாம் வெந்நீர் தேடுகிறோம். குளிரில் மெட்டால் கொஞ்சமாவது வேலை செய்யும், ஹைட்ரோகுவினோன் 12, 13 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டப் படுத்துவிடும். நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் அதை எழுப்ப முடியாது. அதனால் சூட்டைத்தான் சரி செய்ய வேண்டும்.

தண்ணீர் கலப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்டாக்கைச் சூடாக்கவே வேண்டாம், கலக்கிற தண்ணீரை மட்டும் சரியான சூட்டில் எடுத்தால் போதும். 1+1 என்றால் 40-இலிருந்து ஸ்டாக்கின் சூட்டைக் கழியுங்கள், அதுதான் தண்ணீரின் சூடு. ஸ்டாக் 14 என்றால் தண்ணீர் 26. 1+3 என்றால் 80-இலிருந்து கழித்து மூன்றால் வகுங்கள். ஸ்டாக் 14 என்றால் 66, மூன்றில் ஒரு பங்கு 22. கலந்த பிறகு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 20-ஐ ஒட்டி நிற்கும்.

ஆனால் 20-இல் ஆரம்பித்தால் மட்டும் போதாது, இதை நான் ஒரு ரோலைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வெளியே புல்லில் உறைபனி விழுந்திருந்த ஒரு காலை, 1+3 சரியாக 20 டிகிரியில் ஊற்றினேன். டேங்கை வெறும் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொரு நிமிடமும் எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கொட்டும்போது அளந்தால் 15. அக்கா மகளுடைய நிச்சயதார்த்தப் படங்கள், எல்லாம் சாம்பல் பூத்து மெலிந்து போயிருந்தன. நீர்க்க நீர்க்க நேரம் நீளுகிறது, நேரம் நீள நீளக் குளிர் உள்ளே போகிறது. இப்போது ஒரு பெரிய பேசினில் 21 டிகிரித் தண்ணீர் நிரப்பி, டேங்கைக் கழுத்து வரை அதில் நிறுத்திவிடுகிறேன், ஆட்டும்போது மட்டும் வெளியே எடுப்பேன். பேசினுக்கு அடியில் மடித்த கோணிச்சாக்கு. இருபது நிமிடத்தில் அரை டிகிரிகூட இறங்குவதில்லை.

ஒன்றிரண்டு டிகிரி குறைவை நேரத்தால் ஈடுகட்டலாம். 20-இல் 4 நிமிடம் என்பது 16-இல் 6 நிமிடம், 23-இல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்ட் தரும் கணக்கு. 18-க்குக் கீழே அதை நம்பி இறங்க எனக்கு மனம் வருவதில்லை.

குழாய்த் தண்ணீர் போதுமா, டிஸ்டில்டு வாட்டர் வேண்டுமா?

எங்கள் பக்கத் தண்ணீர் உப்புக் குறைந்தது, கெட்டிலில் வெள்ளை படியாது. டெவலப்பருக்குத் தாராளமாகப் போதும். மழைக்காலத்தில் கலங்கி வரும்போது மட்டும் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, நல்ல வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் ஒன்றும் குறைவில்லை, பவுடர் கரைக்க 50 டிகிரி இருந்தாலே போதும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், நெகட்டிவில் சொட்டுக் கறை நிற்காது.

பாக்கெட்டில் பாதியை மட்டும் கரைக்கலாமா?

கூடாது. பவுடர்கள் பாக்கெட்டுக்குள் சமமாகக் கலந்திருக்காது, கனமானது அடியில் இறங்கியிருக்கும். மேல் பாதியில் மெட்டால் எவ்வளவு வந்தது என்று யாருக்குத் தெரியும்? முழுவதையும் கரைத்துச் சின்னச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி வையுங்கள்.

ஸ்டாக் எத்தனை நாள் தாங்கும்? கலந்ததை மிச்சம் வைக்கலாமா?

நிரம்பிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி பாட்டிலில் இரண்டு மாதம். தண்ணீர் கலந்ததை அன்றே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்னொன்று, டி-76 ஸ்டாக் பழையதாகும்போது முதலில் பலவீனமாவதில்லை, சில வாரங்களில் காரத்தன்மை ஏறி வீரியம் கொஞ்சம் கூடும், அப்புறம்தான் இறங்கும். ஒரே நேரம் வைத்தும் இந்த ரோல் ஏன் அழுத்தமாக வந்தது என்று குழம்பியவர்கள் பாட்டிலில் ஒட்டிய தேதியைப் பாருங்கள். தேதி ஒட்டவில்லை என்றால் இன்றைக்கே ஒட்டுங்கள்.

எப்படி ஆட்டுவது?

முதல் பத்து விநாடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நாலு முறை. ஒவ்வொரு தடவையும் டேங்கின் அடியை மெதுவாகத் தட்டுங்கள், குமிழி ஒட்டியிருந்தால் விட்டுவிடும். 1+3-இல் அதிகமாக ஆட்டினால் ஹைலைட்டைக் காப்பாற்றும் குணம் போய்விடும்.

டெவலப்பரை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

முடியும், டி-23-இல் ஆரம்பியுங்கள். மெட்டால் ஏழரை கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். இரண்டே பொருள். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும் கரைந்த பின் மீதி சல்ஃபைட். வரிசை மாறி சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். இதையும் 1+1, 1+3 நீர்க்கலாம், மேலே சொன்ன நியாயமெல்லாம் இதற்கும் பொருந்தும், சல்ஃபைட் அதே 100 கிராம்தானே. கையுறை போடுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொண்டுவரும். சமையல் பாத்திரத்தை இதற்குத் தொடவே கூடாது.

பரணில் பழைய இந்து பிலிம் ரோல் கிடைத்தது. எப்படிக் கழுவுவது?

ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இலிருந்து உற்பத்தி செய்தது. இந்தியாவின் எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு-வெள்ளை ரோலும் போட்டோ பேப்பரும் நம் மலையிலிருந்து போன காலம் அது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். என் முதல் நெகட்டிவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கெமிக்கல்ல தப்பு இல்ல, சூடு பத்தல” என்றார். பார்த்த மாத்திரத்தில் சொன்னார். அந்தத் தொழிற்சாலை மூடிப்போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, அந்த ரோலுக்கு வருகிறேன். பழைய பிலிமில் புகைமூட்டம் மாதிரி ஒரு சாம்பல் படலம் ஏறியிருக்கும், நீண்ட நேரம் கழுவக் கழுவ அதுவும் சேர்ந்து வளரும். அதனால் 1+3 வேண்டாம், ஸ்டாக்கில் கழுவுங்கள். படம் எடுக்காத ரோல் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாமல் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, அதிக வெளிச்சம் கொடுத்து ஒரு துண்டை மட்டும் முதலில் கழுவிப் பாருங்கள். யாரோ எடுத்து வைத்த ரோல் என்றால் திரும்ப எடுக்க முடியாதது, மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் செய்யுங்கள்.

நெகட்டிவ் மெலிசாக வந்துவிட்டது. விகிதம் தப்பா, கேமரா தப்பா?

பிலிமின் ஓரத்தில் எண்ணும் பெயரும் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். அது தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டி வைத்தது, உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை. ஓர எழுத்தும் மங்கலாக இருந்தால் கழுவியதில் குறை: தண்ணீர் அதிகம், சூடு குறைவு, அல்லது ஸ்டாக் செத்துவிட்டது. ஓர எழுத்து நன்றாகக் கறுத்திருந்து, படத்தின் நிழல் பகுதி மட்டும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால், எடுக்கும்போதே வெளிச்சம் பற்றவில்லை. அதை எந்த டெவலப்பராலும் மீட்க முடியாது.

கழுவி முடித்த தண்ணீரை எங்கே கொட்டுவது?

1+3 கலந்த டெவலப்பர் ஒரு டேங்க் அளவு என்றால் நிறையத் தண்ணீரோடு கழிவறையில் விடலாம். ஓடையிலும் டீத்தோட்ட வாய்க்காலிலும் விடவே கூடாது, ஹைட்ரோகுவினோன் மீனுக்கு விஷம். நம் வீட்டுப் பின்னால் ஓடுகிற குன்னூர் ஆறு பவானிக்குத்தான் போகிறது, கீழே அதைக் குடிக்கிறார்கள். ஹைப்போ, அதாவது ஃபிக்ஸர், இன்னும் முக்கியம், பிலிமிலிருந்து இறங்கிய வெள்ளி முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதை ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து வைக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும் இடங்களுக்குப் பழைய ஹைப்போ வாங்க ஆள் வருவார்கள், அவர்களிடம் கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டுக் கேன் நிறைய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது, மூடியில் சிவப்பு பெயிண்டில் ‘குடிக்காதே’ என்று எழுதி, பிள்ளைகள் கை எட்டாத பரண் மேல் வைத்திருக்கிறேன்.